பிளாகர் கஸ்டமைசர்: நிறத்தை மாற்றலாம், வரி இடைவெளியை மாற்ற முடியாது

சொந்த வலைப்பூ ஒன்றின் தோற்றத்தைக் காசு செலவில்லாமல் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இன்றும் கைக்கு எட்டும் இடம் பிளாகர்தான். 1999இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கி, 2003இல் கூகுள் வசம் போன சேவை இது. தமிழ்ப் பதிவுலகம் பெருமளவு வளர்ந்தது பிளாக்ஸ்பாட் முகவரிகளில்தான். பிறகு வந்த சமூக ஊடகங்கள் எழுதுபவருக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்ற முடிவைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. பிளாகர் இன்னமும் அந்த முடிவை எழுதுபவரிடம் விடுகிறது, அல்லது விடுவதாகச் சொல்கிறது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைத் தமிழ்ப் பதிவு ஒன்றை வைத்துச் சோதிப்பதே நியாயம். ஆங்கிலத்தில் சோதித்தால் எளிதாகத் தேறிவிடும். தமிழில் பார்க்கும்போது தெரிவது இதுதான்: வாசகரின் கண் இரண்டு விநாடி தங்கும் இடங்களை மாற்ற ஏகப்பட்ட பொத்தான்கள் இருக்கின்றன, பத்து நிமிடம் தங்கும் இடத்தை மாற்ற ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இருந்தும் இதையே பரிந்துரைக்கத் தோன்றுகிறது என்றால், அதற்குக் காரணம் கஸ்டமைசர் அல்ல, அதற்குப் பின்னால் பூட்டப்படாமல் இருக்கும் ஒரு கதவு.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். இடப்பக்கப் பட்டியலில் ‘தீம்’ என்பதைத் தொட்டு, ‘கஸ்டமைஸ்’ பொத்தானை அழுத்தினால் ஒருபுறம் கட்டுப்பாடுகளும் மறுபுறம் முன்னோட்டமும் திறக்கும். 2010இல் ‘டெம்ப்ளேட் டிசைனர்’ என்ற பெயரில் வந்ததன் வழித்தோன்றல் இது. சிம்பிள், வாட்டர்மார்க், ஈதீரியல், ஆசம் இன்க் போன்ற டெம்ப்ளேட்டுகள் அந்தக் காலத்தவை. 2017இல் கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் என்று நான்கு புதியவை சேர்ந்தன; கைபேசித் திரைக்குத் தானாகச் சுருங்கிக்கொள்பவை. பின்னணிப் படம், தலைப்பின் நிறம், இணைப்பின் நிறம், அதன்மேல் சுட்டியை வைத்தால் வரும் நிறம், ஏற்கெனவே தொட்ட இணைப்பின் நிறம் என்று நிறங்களுக்கு மட்டும் குறைவே இல்லை. எழுத்துருவும் அதன் அளவும் மாற்றலாம். பழைய டெம்ப்ளேட்டுகளில் பக்கத்தின் அகலத்தையும் பக்கப்பட்டையின் அகலத்தையும் நகர்த்திப் பார்க்க ஒரு பட்டை உண்டு. மாற்றியது உடனே முன்னோட்டத்தில் தெரிகிறது, சேமிப்பதும் எளிது. கருவி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அது எதைக் கருவாக வைத்துக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. முன்னோட்டத்தில் முதலில் வந்து நிற்பது முகப்புப் பக்கம். கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை முகப்பின் பளபளப்புக்கானவை. இன்றைய வாசகரோ முகப்பு வழியாக வருவதில்லை. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருகிறார், அல்லது தேடலில் இருந்து வருகிறார்; இரண்டிலும் நேராகப் பதிவின் நடுவில்தான் இறங்குகிறார், அதுவும் கைபேசியில். படித்து முடித்ததும் பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுகிறார். ஆகவே ஒரு வலைப்பூவின் வடிவமைப்பு என்பது நடைமுறையில் ஒரே ஒரு பத்தியின் வடிவமைப்பு. அந்தப் பத்தியைத் தீர்மானிக்கும் விஷயங்கள் ஐந்தாறுதான்: எழுத்துரு, அதன் அளவு, வரிகளுக்கு இடையிலான தூரம், வரியின் நீளம், ஓரங்களில் விடும் வெள்ளை, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு.

எழுத்துருவில் தொடங்குவோம். கஸ்டமைசரின் பட்டியலில் ஏராளமான எழுத்துருக்கள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து, பிறகு இன்னொன்றைத் தேர்ந்து பாருங்கள்: பதிவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் எண்களும் உருமாறும், தமிழ் எழுத்து அசையாமல் அப்படியே இருக்கும். காரணம் எளிது. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளே இல்லை. இல்லாத எழுத்துக்கு உலாவி அந்தச் சாதனத்தில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் சாதனங்களில் தமிழ் சங்கம். பதிவர் தன் கணினியில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பக்கம் வாசகரின் கைபேசியில் வேறு முகத்தோடு தெரிவது இதனால்தான். அரை மணி நேரம் எழுத்துரு தேர்ந்தெடுத்தவர் உண்மையில் தேர்ந்தெடுத்தது தன் பதிவிலுள்ள தேதிகளின் எழுத்துருவை மட்டுமே.

அடுத்தது வரி இடைவெளி. இந்த விமர்சனத்தின் மையமே இதுதான். சிம்பிள் டெம்ப்ளேட்டின் உள்ளே போய்ப் பார்த்தால், உடல் எழுத்துக்கு இயல்பாக வைத்திருக்கும் அளவு 12 பிக்சல் ஏரியல். பதிவுக்குள் அதை 110 விழுக்காடாக ஆக்குகிறார்கள், அதாவது 13.2 பிக்சல்; வரி உயரம் 1.4. ஆங்கிலத்துக்கு இது கொஞ்சம் சிறிது என்றாலும் படித்துவிடலாம். தமிழுக்குப் போதவே போதாது. நம் எழுத்தில் மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் நிற்கின்றன, கீழே உகர ஊகார வால்கள் இறங்குகின்றன. மேல்வரியின் ‘ழு’வும் ‘கூ’வும் இறங்கும் இடத்துக்கே கீழ்வரியின் ‘கீ’யும் ‘ம்’மும் ஏறி வருகின்றன. 13 பிக்சலில் புள்ளி ஒரு தூசியாகிவிடுகிறது. புள்ளி தெரியாத தமிழை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். எழுத்தின் அளவையாவது கஸ்டமைசரில் ஏற்றிக்கொள்ளலாம். வரி உயரத்துக்குப் பொத்தான் இல்லை, பட்டை இல்லை, எண் போடும் கட்டமும் இல்லை. இது தொழில்நுட்பத் தடையும் அல்ல. பிளாகர் டெம்ப்ளேட்டில் நீளம் என்ற வகை மாறி ஒன்று இருக்கிறது. குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் சொல்லிவிட்டால் கஸ்டமைசரில் நகர்த்தும் பட்டை தானாக வந்துவிடும். பக்க அகலத்தை அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். வரி உயரத்துக்கும் ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி நெறியான டபிள்யூசிஏஜி, வாசகர் வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்குக்கு ஏற்றினாலும் பக்கம் உடையக் கூடாது என்று சொல்கிறது. தமிழுக்கு 1.7 முதல் 1.8 வரை வைத்தால்தான் கண் உட்கார்ந்து படிக்கும் என்பது என் மதிப்பீடு.

இங்கேதான் அந்தக் கதவு உதவுகிறது. கஸ்டமைசரின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியின் கடைசியில் ‘ஆட் சிஎஸ்எஸ்’ என்று ஒரு வெற்றுப்பெட்டி இருக்கிறது; பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடைதாளில் (சிஎஸ்எஸ்) சொந்த வரிகளைச் சேர்க்கும் இடம் அது. பதிவின் உடலைக் குறிக்கும் போஸ்ட்-பாடி என்ற வகுப்புக்கு எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.75 என்று அதில் எழுதினால் பக்கம் அங்கேயே மூச்சு விடத் தொடங்குகிறது. வரி உயரத்தைப் பிக்சலில் எழுதாமல் வெறும் எண்ணாக எழுதுவது நல்லது. இல்லையென்றால் பதிவுக்குள் வரும் பெரிய துணைத்தலைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எழுத்துருவுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. கூகுள் எழுத்துருத் தளத்தில் தமிழுக்கு நல்லவை இருக்கின்றன: முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ், அனேக் தமிழ். அந்தத் தளம் தரும் இறக்குமதி வரியைப் பலரும் மேற்சொன்ன பெட்டியிலேயே ஒட்டுகிறார்கள், ஒன்றும் நடக்காது. அந்த வகை வரி நடைதாளின் தலையில் இருந்தால்தான் உலாவி மதிக்கும். பெட்டியில் எழுதுவதோ வாலில் போய்ச் சேர்கிறது. ஆகவே ‘எடிட் எச்டிஎம்எல்’ திறந்து, தலைப்பகுதிக்குள் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். அங்கும் ஒரு கண்ணி உண்டு. பிளாகர் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் இலக்கணத்தில் எழுதப்பட்டது. திறந்த குறியை மூடாவிட்டாலோ, முகவரிக்குள் வரும் ஆம்பர்சண்ட் குறியை அதற்குரிய நீண்ட வடிவத்தில் எழுதாவிட்டாலோ சேமிக்க மறுத்துவிடும். எழுத்துருத் தளம் தரும் வரியில் இந்த இரண்டு குற்றங்களும் இருப்பது வழக்கம். பிழைச் செய்தி காரணத்தைப் புரியும்படி சொல்வதும் இல்லை. இரண்டு நிறுவனங்கள் என்றால் மன்னிக்கலாம். எழுத்துருத் தளமும் பிளாகரும் ஒரே கூகுளுடையவை.

எழுத்துரு கிடைத்ததும் அத்தனை எடைகளையும் அள்ளிக்கொள்ளும் ஆசை வரும். கேட்டமரனில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது உண்டு. பதிவுக்கு இரண்டு போதும், சாதாரணமும் தடித்ததும். எழுத்துரு வந்து சேரும்வரை உலாவி சாதனத்தின் எழுத்தில் பக்கத்தைக் காட்டி, வந்ததும் மாற்றுகிறது; இரண்டின் அகலமும் வேறு என்பதால் வரிகள் குதிக்கும், படித்துக்கொண்டிருந்த இடம் நழுவும். இந்தக் குதிப்பைக் கூகுளே ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது, 0.1க்குள் இருந்தால்தான் நல்ல பக்கம். கைபேசியில் நோட்டோ சான்ஸ் தமிழே போதும் என்று தோன்றினால் வெளியிலிருந்து எழுத்துருவே சேர்க்காமல் விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரியின் நீளத்தில் தமிழுக்கு என்று தனிச் சிக்கல் இருக்கிறது. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது ஒரே சொல். பரவலாக இருக்கும் 360 பிக்சல் அகலக் கைபேசித் திரையில், ஓரங்களுக்கு 16 பிக்சல் விட்டால் மிஞ்சுவது 328. 18 பிக்சல் எழுத்தில் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் பிடிக்கும். டெம்ப்ளேட் அதற்குள் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கரை, கரைக்குள் இன்னும் 20 பிக்சல் வெள்ளை என்று அடுக்கினால் வரிக்கு ஒரு சொல் போய்விடும். இந்த நிலையில் பத்தியை இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். நாளிதழ்கள் அதைவிடக் குறுகிய பத்தியைச் சமன்செய்து அச்சடிக்கவில்லையா என்று கேட்கலாம். அச்சில் வரி நிரம்பியதும் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, இணைப்புக்கோடு போடாமலே அடுத்த வரிக்குக் கொண்டுபோவது நம் வழக்கம். மெய்யெழுத்தில் வரி தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உலாவி இயல்பாக அதைச் செய்வதில்லை. எங்கும் உடை என்று கட்டளையிட்டால் உடைக்கும், ஆனால் ‘க்’கையும் ‘த்’தையும் கூசாமல் வரி முதலில் கொண்டுவந்து வைக்கும். ஆகவே இடப்புறம் மட்டும் ஒட்டிய பத்திதான் கைபேசித் தமிழுக்கு ஏற்றது. பிளாகரின் எழுதும் பெட்டியில் சமன்செய்யும் பொத்தான் கைக்கு அருகில் இருப்பதால், பலர் பதிவு தோறும் அதை அழுத்தி வைத்திருக்கிறார்கள். பதிவுக்குள் எழுதிய ஒழுங்கு டெம்ப்ளேட்டில் எழுதியதை மீறிவிடும். பழைய பதிவுகளைச் சரிசெய்ய சிஎஸ்எஸ் வரியில் ‘இம்பார்ட்டன்ட்’ என்ற கட்டளையைச் சேர்த்தாக வேண்டும்.

மேற்கோள் பகுதிகளைச் சாய்வெழுத்தில் காட்டும் டெம்ப்ளேட்டுகள் நிறைய உண்டு. தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று வரைந்த வடிவம் அநேகமாகக் கிடையாது. உலாவி நேர் எழுத்தை இயந்திரத்தனமாகச் சரித்து வைக்கிறது. ‘ணி’யும் ‘றை’யும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சாய்வை நீக்கிவிட்டு இடப்புறம் ஒரு கோடும் சற்று உள்தள்ளலும் கொடுத்தால் மேற்கோள் தெளிவாக நிற்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வெளியார் டெம்ப்ளேட்டுகளைப் பற்றி பெரிய நல்லெண்ணம் வேண்டாம். பார்த்தவுடன் பத்திரிகை போலத் தெரிபவை அவை. மாதிரிப் பக்கத்தில் இருப்பது நாலு சொல் ஆங்கிலத் தலைப்பு. அந்த உயரத்துக்கே பெட்டி வெட்டியிருப்பார்கள். பத்துச் சொல் தமிழ்த் தலைப்பு அதில் ஏறியதும் கடைசி வரியின் உகர வால்கள் கத்தரிக்கப்பட்டுவிடும். அடியில் செய்தவரின் பெயர் இணைப்பு இருக்கும். அதை நீக்கினால் பக்கம் முழுவதும் அவர் தளத்துக்குத் தாவும்படி குழப்பியெழுதிய ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருப்பவையும் உண்டு. சொந்த இடம் வேண்டும் என்று வந்தவர் இன்னொருவருக்கு விளம்பரப் பலகை மாட்டிக்கொள்வதுதான் இதில் கிடைக்கும் பலன்.

பக்கப்பட்டை விட்ஜெட்டுகள் இன்னொரு பாடம். தமிழ் வலைப்பூக்களில் ஒரு காலத்தில் தமிழ்மணம், இன்ட்லி முதலான திரட்டிகளின் வாக்குப்பட்டைகள், வருகை எண்ணிகள், கூகுள் பிளஸ் பொத்தான்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மின்னஞ்சலில் பதிவு அனுப்பிய விட்ஜெட், ஃபீட்பர்னர் சேவை அந்தப் பணியை 2021இல் நிறுத்தியதும் செயலற்றுப்போனது. டெம்ப்ளேட்டுக்குள் அவற்றின் நிரல் மட்டும் இருக்கும். பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் இல்லாத சர்வரைத் தட்டிப் பார்க்கும். ‘லேஅவுட்’ பக்கத்தில் இழுத்து நகர்த்தவும் நீக்கவும் முடிகிற வசதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதைச் சேர்ப்பதற்குப் பயன்படுத்தியவர்கள் நீக்குவதற்கும் ஒருமுறை பயன்படுத்தலாம். லேபிள்கள், பழைய பதிவுகளின் காப்பகம், தேடல் பெட்டி மூன்றும் இருந்தால் போதும். காலம் கடந்தும் வாசகர் உண்மையில் தொடுபவை இவைதான்.

இவ்வளவு கறாராக இருந்தால் வலைப்பூவில் ‘தனி’ என்பது எங்கே இருக்கும் என்பது நியாயமான மறுப்பு. பூப்போட்ட பின்னணியும் ஓடும் எழுத்தும் எழுதுபவரின் விருப்பம். வாசகருக்காக அதை ஏன் துறக்க வேண்டும்? துறக்க வேண்டாம். தலைப்புப் பகுதி, பின்னணி நிறம், இணைப்பின் நிறம், லேபிள்களுக்கு வைக்கும் பெயர்கள், பதிவின் முதல் படம் எல்லாம் விருப்பம் விளையாடும் களம்தான், கஸ்டமைசர் அங்கே தாராளமாகவே இடம் தருகிறது. பதிவின் பத்திக்குள் அது நுழைய வேண்டாம் என்பதே வாதம். கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து வைப்பது ரசனைதான். அதே டபிள்யூசிஏஜி நெறி எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாட்டையாவது கேட்கிறது. வயதான வாசகரைக் கேட்டால் இன்னும் கூடுதலாகக் கேட்பார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு வேறு: எழுத்து நன்றாக இருந்தால் எந்தத் தோற்றத்திலும் படிப்பார்கள், உலாவிகளில் வாசிப்பு முறை வேறு இருக்கிறது, இதற்கெல்லாம் நேரம் செலவிடுவது வீண். பாதி உண்மை. தெரிந்த எழுத்தாளரை எப்படியிருந்தாலும் படிப்பார்கள். தெரியாத ஒருவரின் பதிவில் இறங்கும் வாசகர் நெரிசலான முதல் பத்தியைப் பார்த்து விலகிவிட்டால், எழுத்து நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. வாசிப்பு முறையைத் தேடி அழுத்தும் வாசகர் ஏற்கெனவே படிக்க முடிவுசெய்தவர். அந்த முறையிலும் தமிழ் எழுத்துரு சாதனத்தின் தயவில்தான் இருக்கிறது.

அப்படியானால் வேர்டுபிரஸுக்குப் போய்விடலாமே என்ற கேள்விக்கு நேரான பதில்: பணம் இருந்தால் போகலாம். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல் பக்கம் முழுவதையும் திரையிலேயே தொட்டு மாற்றலாம். வரி உயரத்துக்கென்று கட்டம் இருக்கிறது, பத்தி அகலத்துக்கும் இருக்கிறது. 2024இல் வந்த 6.5 பதிப்பில் எழுத்துரு நூலகம் சேர்ந்தது. முக்த மலரை நிரல் எழுதாமலே நிறுவிக்கொள்ளலாம். பிளாகரில் இல்லை என்று மேலே சொன்ன அத்தனையும் அங்கே பொத்தானாகவே இருக்கிறது. ஆனால் சொந்த சர்வரில் நிறுவினால் ஆண்டுதோறும் வாடகை, பெயருக்குக் கட்டணம், பாதுகாப்புப் புதுப்பிப்புகள். கட்டணத்தை மறந்தால் பக்கமே மறைந்துவிடும். வேர்டுபிரஸ்.காம் தரும் இலவசத் திட்டத்திலோ சொந்த சிஎஸ்எஸ் எழுத வழியில்லை. காசில்லாமல் டெம்ப்ளேட்டின் கடைசி வரி வரை திறந்து விடுவது இந்த இரண்டில் பிளாகர் மட்டுமே.

நிரல் தெரியாத எழுத்தாளர் என்ன செய்வார் என்பதுதான் கடைசியாக மிஞ்சுவது, அதற்கு இனிப்பான பதில் இல்லை. தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு வரிகள். தெரிந்த ஒருவரிடம் கேட்டு ஒருமுறை வாங்கி ஒட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் டெம்ப்ளேட்டை மாற்றினால் அந்த வரிகளும் எச்டிஎம்எல் திருத்தங்களும் சேர்ந்தே போய்விடும்; பிளாகர் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. தீம் பக்கத்தில் ‘கஸ்டமைஸ்’ பொத்தானை ஒட்டிய கீழம்புக்குள் ‘பேக்கப்’ இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன்னால் அதை அழுத்தி அந்த எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டிய சிஎஸ்எஸ் வரிகளைத் தனியாக ஒரு குறிப்பிலும் வைத்திருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு கான்டெம்போவைவிட சிம்பிள் நல்லது என்பேன். பழையதுதான், கைபேசிக்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் தலைமுறை; கைபேசி அமைப்பில் ‘கஸ்டம்’ என்று மாற்றி, உண்மையான கைபேசியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆனால் அதன் நிரலைப் படித்தால் எது எங்கே இருக்கிறது என்று புரிகிறது. புதியவற்றில் அதே பத்தியைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடுகிறது.